மலையில் மின்சாரம் – 17: சேற்றுக்குள் அரை வோல்ட்

சென்ற அத்தியாயத்தை ஊவாத் தோட்டங்களின் பெல்டன் சக்கரங்களோடு நிறுத்தினோம். மலையுச்சி ஓடையை மறித்து, இரும்புக் குழாயில் இறக்கி, தேயிலை ஸ்டோரின் ரோலர்களைச் சுற்றவைத்தார்கள் துரைமார். கூப்பிடு தூரத்தில் இருந்த லயத்திலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புதான் எரிந்தது. அதே தோட்டத்தில் இன்னொரு தண்ணீரும் ஓடியது. லயத்துக் கோடியில் பீலிக்கரையிலிருந்தும் மலசலகூடத்திலிருந்தும் கானில் இறங்கி, கீழே வயலிலோ ஓயாவிலோ கலந்த அழுக்குத் தண்ணீர். இந்த வாரம் அந்தத் தண்ணீரின் கதை.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது யாருக்கும் மறந்திருக்காது. அந்தக் கிழமைகளில் கையிலிருந்த போனில் சார்ஜ் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு வீடியோவையாவது பார்த்திருப்பார்கள்: சாக்கடைத் தண்ணீரில் பற்றீரியா கரண்ட் உண்டாக்குகிறது, இனி மின்சார சபையே தேவையில்லை என்று. இந்தத் தொடர் தொடங்கிய நாள் முதல் வாசகர்கள் கேட்டு வரும் கேள்வியும் இதுதான். கழிவுநீரில் மின்சாரம் எடுக்கலாமா? எடுக்கலாம். எடுத்து 100 வருடத்துக்கும் மேலாகிறது. பிறகு ஏன் அது நம் லயத்துக்கு வரவில்லை என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம்.

முதலில் எடுத்தவர் மின்சாரக்காரர் அல்ல, தாவரவியல்காரர். மைக்கல் கிரெஸ் பொட்டர், இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், டர்ஹாம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்திருந்த ஆம்ஸ்ட்ரோங் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். டர்னிப் கிழங்கை அழுகவைக்கும் பற்றீரியாவை ஆராய்ந்து பெயர் வாங்கியவர். வெலிமடையில் கோவா அழுகலோடு மல்லுக்கட்டும் விவசாயிகளுக்கு இந்த மனிதரை உடனே பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன். அழுகல் என்றால் என்ன என்று அவர் யோசித்தார். பெரிய கரிமப் பொருளை நுண்ணுயிர் சின்னச் சின்னதாக உடைக்கிறது. உடையும்போது சக்தி வெளிப்படுகிறது. அதில் ஒரு பங்கு வெப்பமாகப் போகிறது என்றால், இன்னொரு பங்கு மின்சாரமாகவும் போக வேண்டும் அல்லவா?

ஒரு கண்ணாடிப் பாத்திரம், அதற்குள் நுண்துளையுள்ள ஒரு குடுவை. இரண்டிலும் ஒரே சீனிக் கரைசல், இரண்டிலும் ஒரு பிளாற்றினத் தகடு. ஒன்றில் மட்டும் ஈஸ்ட்டையோ நம் குடலில் வாழும் கோலி பற்றீரியாவையோ கலந்தார். இரண்டு தகடுகளுக்கும் நடுவே 0.3 முதல் 0.5 வோல்ட் வரை காட்டியது. சூட்டைக் கூட்டினால், சீனியைக் கூட்டினால் அளவும் மாறியது; நுண்ணுயிர் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. 1911இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் வெளியீட்டில் இதை எழுதினார். அதிகம் பேர் கவனிக்கவில்லை. கவனித்தவர்களுக்கும் அரை வோல்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதே 1911இல் இலங்கையில் குடிசன மதிப்பீடு நடந்தது. இந்திய வம்சாவளித் தமிழரை முதல்தடவையாகத் தனியாக எண்ணியது அந்த ஆண்டில்தான். 5 லட்சத்துக்கும் மேல். எண்ணியதற்கு அடுத்த வருடம், 1912இல், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் பற்றியும் நோய்கள் பற்றியும் இரண்டு சட்டங்கள் வந்தன. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. லயத்தைச் சுற்றிய ஈர மண்ணில் மலம் கலக்கிறது. அதில் வளரும் புழு, செருப்பில்லாத கால் வழியாக உடம்புக்குள் ஏறுகிறது. குடலில் தங்கி இரத்தம் குடிக்கிறது. சோகை பிடித்த ஆள் கொழுந்து குறைவாகப் பறிப்பார். லயத்து மலசலகூடம் பற்றிய அக்கறை துரைமாருக்கு வந்த வழி இதுதான். கருணை வந்திருந்தால் அது ஐம்பது வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். ஆகவே மலையகத்தில் கழிவுநீர் என்பது முதலில் ஒரு நோய்க் கணக்கு, ஒரு சம்பளக் கணக்கு. அது சக்திக் கணக்காகும் என்று அப்போது யாரும் கனவிலும் நினைக்கவில்லை.

பொட்டருக்குப் பிறகு 20 வருடம் சத்தமில்லை. 1931இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்னெட் கோஹன் இப்படியான பல மின்கலங்களை வரிசையாகக் கோத்து 35 வோல்ட்டுக்கு மேல் காட்டினார். 35 வோல்ட் என்றதும் மலைக்க வேண்டாம். ஓடிய மின்னோட்டம் 2 மில்லியம்பியர். இரண்டையும் பெருக்கினால் 0.07 வாட். ஒரு குட்டி எல்.ஈ.டி. மணி மினுங்கும், அவ்வளவே. 1960களில் விண்வெளிக்குப் போகிறவர்களின் கழிவைக் கரண்டாக்கலாமா என்று நாசா பார்த்தது. சூரியக் கலங்கள் நன்றாக வேலை செய்யத் தொடங்கியதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. 1980களில் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பீட்டர் பெனெட்டோ மறுபடி எடுத்தார். மின்கம்பி போகாத ஏழை நாட்டுக் கிராமங்களுக்கு இது உதவும் என்ற எண்ணம் அவருக்கு உண்மையிலேயே இருந்தது. ஆனால் அவருடைய பற்றீரியா தானாகத் தகட்டுக்கு மின்சாரம் கொடுக்கவில்லை. உயிரணுவுக்குள் போய் இலத்திரனை வாங்கி, வெளியே வந்து தகட்டில் கொடுக்க ஒரு சாயப்பொருளைக் கலக்க வேண்டியிருந்தது. அந்தச் சாயம் விலை கூடியது, நச்சுத்தன்மையும் உண்டு, ஓடும் தண்ணீரோடு கழுவுண்டும் போய்விடும். ஆய்வுகூட மேசையில் சரி. கானில் ஓடும் தண்ணீருக்கு அது சரிவராது.

திருப்பம் வந்தது சேற்றிலிருந்து. 1987இல் டெரெக் லவ்லி என்ற நுண்ணுயிரியலாளர், வாஷிங்டன் நகர் அருகே பொட்டோமக் ஆற்றுச் சேற்றில் இரும்பை 'சுவாசிக்கும்' ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்த செய்தி வெளியானது. பின்னர் அதற்கு ஜியோபாக்டர் என்று பெயர் வைத்தார்கள். நாம் சாப்பாட்டை எரித்து, மிஞ்சும் இலத்திரன்களை மூச்சில் வரும் ஒட்சிசனிடம் ஒப்படைக்கிறோம். சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லை. அங்கே வாழும் இந்தப் பற்றீரியா தன் இலத்திரனை வெளியே இருக்கும் இரும்புத் துருவின் மேல் தள்ளுகிறது.

இதைப் பார்க்க பொட்டோமக் வரை போக வேண்டியதில்லை. ஊவா மண் சிவப்பாக இருப்பதே இரும்பு ஒட்சைட்டால்தான். வெலிமடைப் பக்கம் பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் போடும் அடுக்கு வயல்களில், தண்ணீர் கட்டி நிற்கும் காலத்தில் ஒரு கொத்து மண்ணை வெட்டிப் பிளந்து பாருங்கள். மேலே கிட்டத்தட்ட நகக்கனத்துக்கு மட்டும் செம்பழுப்பு. அதற்குக் கீழே மண் சாம்பல் நீலம். அந்த நீலத்துக்குள் நெல் வேர் போன தடம் மட்டும் நூல் நூலாகத் துருச் சிவப்பில் இருக்கும். வேர் கொஞ்சம் ஒட்சிசனைக் கசியவிடுவதால் அந்த இடத்தில் மட்டும் இரும்பு மறுபடி துருவாகிறது. மற்ற இடமெல்லாம் பற்றீரியா இலத்திரனைக் கொடுத்துக் கொடுத்துச் சிவப்பைக் கரைத்துவிட்டது. ஒரு வயல் முழுக்க இப்படி இரவும் பகலும் இலத்திரன் கைமாறிக்கொண்டிருக்கிறது. நாம் அதற்குச் 'சேறு' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

துரு இருக்கும் இடத்தில் ஒரு காபன் தகட்டை வைத்தால் பற்றீரியா அதையும் துரு என்றே எடுத்துக்கொள்ளும். தகட்டில் ஒரு கம்பி பொருத்தி, மறுமுனையை மேலே காற்றுப்படும் தண்ணீரில் உள்ள இன்னொரு காபன் தகட்டோடு இணைத்தால், சேற்றில் கொடுத்த இலத்திரன் கம்பி வழியாக மேலே ஏறி ஒட்சிசனை அடைகிறது. கீழ்த்தகடு அனோட்டு, மேல்தகடு கதோட்டு. நடுவில் கம்பியில் ஓடுவது மின்சாரம். அமெரிக்காவில் லவ்லியின் குழு 2002இல் கடற்சேற்றில் இதைக் காட்டியது. அதற்குச் சற்று முன்பே, 1999 வாக்கில், தென் கொரியாவின் கிம் பியுங் ஹொங் குழு, சாயப்பொருள் எதுவும் கலக்காமல் ஷெவனெல்லா என்ற வேறொரு பற்றீரியாவிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்திருந்தது. பெனெட்டோவை மறித்த சுவர் அதோடு விழுந்தது. பற்றீரியா எப்படி இலத்திரனை வெளியே கடத்துகிறது என்ற சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. உடம்பிலிருந்து நீளும் மயிரிலும் மெல்லிய இழைகளைக் கம்பி என்று 2005இல் சொன்னார்கள். அந்த இழை எந்தப் புரதத்தால் ஆனது என்பதில், யேல் பல்கலைக்கழகத்தின் நிகில் மால்வங்கர் போன்றவர்கள் 2019இல் முற்றிலும் வேறு பதிலோடு வந்தார்கள். நமக்கு இப்போதைக்கு அது வேண்டாம்.

பாடசாலைப் பிள்ளைகள் இதை ஒரு வாளியில் செய்து பார்க்கலாம். வயல் சேற்றை வாளியில் பாதிக்கு நிரப்பி, பழைய டோர்ச் பற்றறியிலிருந்து எடுத்த கரிக்கோல்கள் இரண்டு மூன்றை ஒன்றாகக் கட்டி அடியில் புதைத்து, மேலே தண்ணீர் ஊற்றி, இன்னொரு கரிக்கோல் கட்டை அந்தத் தண்ணீரில் தொங்கவிட்டு, மீற்றரைப் பிடித்தால் போதும். முதல் நாள் ஒன்றும் இராது. ஒன்றிரண்டு கிழமையில் 0.3, 0.4 என்று ஏறும். ஒரு எச்சரிக்கை: செம்புக் கம்பி சேற்றில் படக்கூடாது. பட்டால் செம்பு அரிபடுவதால் வரும் வோல்ட்டையும் மீற்றர் சேர்த்துக் காட்டும். இணையத்தில் சேற்றுப் பாத்திரங்களில் செம்பையும் நாகத்தையும் செருகி பல்ப் எரித்துக் காட்டுகிறார்களே, அங்கே எரிவது பற்றீரியாவின் மின்சாரம் அல்ல, கரைந்துபோகும் நாகம். எலுமிச்சம்பழத்தில் செருகினாலும் அது எரியும்.

சேறு சரி, சாக்கடை? 2004இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழுவினர் ஒரு நகரத்தின் சாதாரணக் கழிவுநீரை ஒரு கலத்துக்குள் ஓடவிட்டார்கள். உள்ளே ஒட்சிசனுக்கு ஏங்கும் அழுக்கில் 80 சதவீதம் வரை குறைந்தது. கூடவே மின்சாரமும் வந்தது. ஒரு சதுர மீட்டர் தகட்டுக்கு 26 மில்லிவாட். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் துள்ளிக் குதித்தது அதற்குப் பிறகுதான். 2007இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், யட்டாலா என்ற இடத்து பொஸ்டர்ஸ் பியர் ஆலையில் 2,500 லிட்டர் கலம் வைக்கப்போவதாகவும் 2 கிலோவாட் கிடைக்கும் என்றும் அறிவித்தார்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 3 மீட்டர் உயரக் குழாய்கள் 12ஐ நிறுத்தி ஓட்டிப் பார்த்தார்கள். அறிவித்த கரண்ட் வரவில்லை. ஆலைக் கழிவுநீரில் உப்புக் குறைவு, ஆகவே மின்னைக் கடத்தும் திறனும் குறைவு. கதோட்டின் மேல் வேறு நுண்ணுயிர்கள் பாசிபோல் படர்ந்து அடைத்தன. அறிவித்தபோது முதற்பக்கத்தில் போட்ட பத்திரிகைகள் முடிவை எந்தப் பக்கத்திலும் போட்டதாக நான் காணவில்லை.

இனி நம் லயத்துக்கு வருவோம். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஓர் ஆளிடமிருந்து ஒரு நாளில் வெளியேறும் கழிவில் உள்ள கரிமப் பொருளை முழுதாக எரிக்க ஏறத்தாழ 100 கிராம் ஒட்சிசன் வேண்டும். அப்படியான ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 14 கிலோஜூல் சக்தி அந்தக் கழிவுக்குள் இருக்கிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 7,000 கிலோஜூல். மின்சார பில்லின் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 2 யூனிட். மாதம் 60 யூனிட். ஒரு லயத்து வீட்டில் பல்ப், டீவி, போன் எல்லாம் ஓட அதுவே போதும். ஆசை கிளம்புவது இந்த இடத்தில்தான். வீடியோக்காரர்கள் சொல்வதும் இந்த எண்ணைத்தான், இதோடு நிறுத்திவிடுவார்கள்.

மீதியை நாம் போடுவோம். கலத்துக்குள் வரும் சக்தியில் 20இல் ஒரு பங்கு மின்சாரமாகக் கிடைத்தால் அது நல்ல வேலை. அப்போது 2 யூனிட் 0.1 யூனிட்டாகிவிடும். 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் ஒன்று 11 மணிநேரம் எரியும். ஒரு பல்ப். அதையும் எடுக்க எவ்வளவு தகடு வேண்டும்? 24 மணிநேரமும் சுமார் 4 வாட் வர வேண்டும். லோகன் 2004இல் பெற்ற அளவில் என்றால் 160 சதுர மீட்டர் தகடு. பழைய லயத்துக் காம்பரா ஒன்று 10 அடிக்கு 12 அடி, அதாவது 11 சதுர மீட்டர். ஆக, ஒரு வீட்டில் ஒரு பல்ப் எரிய 14 காம்பராத் தரையளவுக்குக் காபன் விரிக்க வேண்டும். அதற்குப் பிறகு தகடுகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆய்வுகூடத்தில் சுத்தமான அசற்றேற்றுக் கரைசலைக் கொடுத்தால் சதுர மீட்டருக்கு ஒரு வாட்டைத் தாண்டுகிறார்கள். வீட்டுக் கழிவுநீருக்கு இன்றும் அந்த அளவு வருவதில்லை.

ஏன் இப்படி? பற்றீரியாவின் சோம்பலால் அல்ல. சென்ற அத்தியாயங்களைப் படித்தவர்களுக்கு ஒரு சொல்லில் விளங்கும்: உயரம். நீர்மின்சாரத்தில் தண்ணீரின் அளவு மட்டும் போதாது, அது விழும் உயரம் வேண்டும். மின்சாரத்தில் அந்த உயரத்துக்கு வோல்ட் என்று பெயர். அழுக்குக்கும் காற்றிலுள்ள ஒட்சிசனுக்கும் நடுவே உள்ள உயரம், ஏட்டுக் கணக்கில்கூட 1.1 வோல்ட்தான். அதில் தன் வயிற்றுப்பாட்டுக்குப் பற்றீரியா ஒரு பங்கை எடுக்கிறது. தண்ணீரின் தடை ஒரு பங்கை விழுங்குகிறது. கதோட்டில் ஒட்சிசன் மந்தமாக வேலை செய்வதால் இன்னொரு பெரும்பங்கு போய்விடுகிறது. கையில் மிஞ்சுவது 0.3, 0.5. பொட்டர் 1911இல் கண்ட அதே அளவு! 100 வருடத்தில் தகடு மாறியது, பற்றீரியா மாறியது, அந்த அரை வோல்ட் மாறவில்லை. சரி, கோஹன் செய்ததுபோல் வரிசையாகக் கோத்து உயர்த்தலாமே என்றால், பசித்திருக்கும் ஒரு கலம் தலைகீழாகத் திரும்பி மற்றவை கொடுப்பதையும் தின்றுவிடுகிறது.

வெலிமடைக்காரருக்கு இந்த உயரக் கணக்கை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஊரைத் தாண்டி ஓடும் உமா ஓயாவைப் புஹுல்பொலவில் மறித்து, மஹதொட்டில ஓயாவைத் தைராபாவில் மறித்து, 15 கிலோமீட்டர் சுரங்கத்தில் மலைக்கு அடியால் கொண்டுபோய், 700 மீட்டருக்கும் மேல் விழவைத்து 120 மெகாவாட் எடுக்கிறார்கள். 2024 ஏப்ரல் 24இல் ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி வந்து திறந்துவைத்தார். ஒரு மாதத்துக்குள் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தும் போனார். சுரங்கம் தோண்டும்போது 2014 கடைசியில் உள்ளே தண்ணீர் பீறிட்டதும், பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்ததும் தனி அத்தியாயமாக எழுத வேண்டியவை. இங்கே ஒன்றை மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு ஒரு வாட் என்று தாராளமாகவே வைத்தாலும், அந்த 120 மெகாவாட்டைப் பற்றீரியாவிடம் கேட்டால் 120 சதுர கிலோமீட்டருக்குத் தகடு விரிக்க வேண்டும்.

அப்படியானால் ஆராய்ச்சிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்களா? இல்லை. எவ்வளவு மின்சாரம் வரும் என்பதை விட்டு, இந்தக் கலத்தால் வேறென்ன செய்யலாம் என்று கேள்வியை மாற்றினார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஒரு காலத்தில் வட்டிக்குப் பணம் கொடுத்த செட்டிநாட்டில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்து 1953 தைப்பொங்கல் நாளில் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் பற்றீரியாக் கலம் பற்றிய ஆய்வுகள் நடந்தன. ஹைதராபாத்தில் வெங்கட மோகன் குழு இரசாயன ஆலைக் கழிவுகளை இந்தக் கலத்தில் விட்டுப் பார்த்தது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கங்ரேகர் மலசலகூடத்தோடு கலத்தைச் சேர்த்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் துணிச்சாயத்தைப் பற்றீரியாக் கலத்தால் நிறமிழக்கச் செய்தவர்களில் ஒருவர் இலங்கையரான யூஸ்டஸ் பெர்னாண்டோ. பின்னர் ரஜரட்ட பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இங்கிலாந்தின் பிறிஸ்டலில் யோவானிஸ் யெரோபுலோஸ் 2013இல் சிறுநீரால் ஒரு கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றிக் காட்டினார். 2015இல் கிளாஸ்டன்பரி இசைவிழாவின் சிறுநீர் கழிக்கும் கொட்டகைக்கும், 2017இல் உகண்டாவில் ஒரு பெண்கள் பாடசாலையின் மலசலகூடத்துக்கும் அதே முறையில் விளக்குப் போட்டார்.

மலசலகூடத்துக்கு விளக்கு. சிறிதாகத் தெரிகிறது, இல்லையா? இரவில் லயத்துக்கு வெளியே தள்ளியிருக்கும் மலசலகூடத்துக்குப் போகப் பயந்து விடியும் வரை அடக்கிக்கொண்டு படுத்திருக்கும் பெண்பிள்ளைகள் இன்னும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் அது சிறிது என்று சொல்லமாட்டார்கள். ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், அந்த விளக்குக்கு ஒரு சின்ன சோலார் தகடு இன்று மலிவாகக் கிடைக்கிறது. பற்றீரியாக் கலம் அதை வெல்ல வேண்டுமானால் விளக்கோடு தண்ணீரையும் சுத்தம் செய்து காட்ட வேண்டும்.

பற்றீரியாவைக் கொண்டு யூனிட் கணக்கில் மின்சாரம் வேண்டும் என்பவர்களுக்குச் சுற்றுவழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒட்சிசனும் துருவும் தகடும் எதுவும் கிடைக்காத பற்றீரியாக் கூட்டம் கடைசியில் மெதேன் வாயுவை விடும். 1895இல் இங்கிலாந்தின் எக்சீற்றர் நகரில் டொனால்ட் கமரன் கட்டிய மூடிய மலத்தொட்டியிலிருந்து வந்த வாயுவில் அந்த இடத்துக்கே விளக்கு எரித்தார்கள். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடிக் கழிவுநீர் நிலையங்களில் இந்த வாயுவை எஞ்சினில் எரித்து, நிலையத்தை ஓட்டும் கரண்டில் பெரும்பங்கை அங்கேயே எடுக்கிறார்கள். 2000களின் நடுப்பகுதியிலிருந்து நடக்கும் வேலை இது. புதுமை இல்லை, ஆனால் ஓடுகிறது. தோட்டத்தில் இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பம் சாணத் தொட்டி கட்டினால் அடுப்பாவது எரியும். அந்தக் குடும்பத்திடம் போய் யாராவது பற்றீரியா மின்கலத்தை விற்கப் பார்த்தால், வாங்காதீர்கள் என்றே நான் சொல்வேன்.

அப்படியும் இந்தக் கலத்தை நான் குப்பையில் போடச் சொல்லவில்லை. காரணம், கொரியாவின் கிம் குழு கண்ட இன்னொரு பயன். பற்றீரியாவுக்குச் சாப்பாடு கூடினால் மின்னோட்டம் கூடும், குறைந்தால் குறையும். திடீரென்று நஞ்சு வந்தால் ஓட்டம் விழும். அப்படியானால் அந்த மின்னோட்டமே தண்ணீரின் அழுக்கை அளக்கும் மீற்றர். இன்று அழுக்கை அளக்க என்ன செய்கிறோம்? தண்ணீரைப் போத்தலில் அடைத்து, 20 பாகை வெப்பத்தில் ஐந்து நாள் வைத்து, எவ்வளவு ஒட்சிசன் செலவானது என்று பார்க்கிறோம். ஐந்து நாள் என்பது பிரித்தானியக் கழிவுநீர் ஆணைக்குழு 1912இல் வைத்த கணக்கு. இங்கிலாந்தின் எந்த ஆறும் ஐந்து நாளைக்குள் கடலைச் சேர்ந்துவிடும், அதற்குமேல் என்ன கவலை என்று காரணம் சொல்வார்கள். நம் நாட்டில் உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்ததும் இந்த ஐந்து நாள் சோதனையின் அளவில். ஐந்தாம் நாள் பதில் வரும்போது அந்தத் தண்ணீர் எங்கே இருக்கும்? பற்றீரியா மீற்றர் சில மணிநேரத்துக்குள் சொல்லிவிடும். அரை வோல்ட் அதற்குத் தாராளம்.

வெலிமடை நகரத்துக் கானும், சுற்றியுள்ள மரக்கறித் தோட்டங்களில் கொட்டும் கோழிச்சாணமும் மருந்தும், மேலே உள்ள லயங்களின் கழிவும் மழையோடு இறங்குவது உமா ஓயாவில். முன்பு அது மகாவலியில் போய்ச் சேர்ந்தது. இப்போது ஒரு பங்கு புஹுல்பொல அணையில் நின்று, சுரங்கம் வழியாக மொனராகலை, அம்பாந்தோட்டைப் பக்கத்து வயல்களுக்கும் குளங்களுக்கும் போகிறது. அந்தச் சனங்களுக்கு நாம் என்ன தண்ணீர் அனுப்புகிறோம் என்று ஒவ்வொரு நாளும் பார்த்துச் சொல்ல, புஹுல்பொலவுக்கு மேலே ஒரு பற்றீரியா மீற்றர் வைப்பது பெரிய செலவான காரியம் அல்ல. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இலிருந்து இருக்கிறது. வெலிமடையில் பிரதேச சபை இருக்கிறது. உயர்தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்களில் யாராவது தொடங்கட்டும்.

அடுத்த அத்தியாயம் தோட்டங்களின் சாண எரிவாயுத் தொட்டிகள் பற்றியது. உங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்று கட்டி, இன்னும் ஓடினாலும் சரி, கைவிட்டு மூடிப் போட்டிருந்தாலும் சரி, எந்த வருடம் கட்டியது, யார் பணம் போட்டது, எதனால் நின்றது என்ற விவரங்களோடு ஆசிரியர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நின்றுபோன தொட்டிகளின் விவரம்தான் எனக்கு அதிகம் தேவை.

(தொடரும்)